கலியாணப் பந்தியில் விரல் குத்தின கதை

மூன்று கிழமை ஊரில் நின்றேன். பாஸ்போர்ட், வங்கி, காணி அலுவல் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. அதைப் பற்றி எழுத என்ன இருக்கு? எழுத வைத்தது ஒரு மலேரியாக்காரர், அதாவது மலேரியாத் தடுப்பு இயக்கத்து உத்தியோகத்தர்.

லண்டனிலிருந்து வேலை விஷயமாக உகண்டாவின் கம்பாலா போய், பத்து நாள் நின்று, அங்கிருந்து நேரே கிளிநொச்சி வந்தேன். நாலாம் நாள் காய்ச்சல். தனியார் கிளினிக் ஒன்றில் டெங்கு சோதித்து, இல்லை என்று பனடோல் தந்து காசை வாங்கினார்கள். எந்த நாட்டாலே வந்தனீர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மருத்துவமாதுவாக இருக்கிற மச்சாள்தான் கேட்டாள்: "உகண்டாவோ? ஏன் முதலே சொல்லேல்லை?" உடனே ஒரு போன்.

ஒரு மணித்தியாலத்தில் மலேரியாக்காரர் மோட்டார்சைக்கிளில் வந்து, விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் பூசி, கையோடு மலேரியாத் துரித சோதனையும் செய்தார். இல்லை. "ஒருக்காப் பார்த்து விடேலாது, நாளைக்கும் எடுக்கோணும்." நாளைக்குக் கலியாணம் என்றேன். "பரவாயில்லை, எந்த மண்டபம்?"

உண்மையாகவே வந்தார். காய்ச்சல் இறங்கியிருந்ததால் நான் பந்தியில். பின்னால் பெட்டியோடு நின்றவரைப் பெரியப்பா வீடியோக்காரர் என்று நினைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். வலக்கையில் சோறு, இடக்கையில் ஊசி. நூறு பேர் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

ஆனால் இந்த விடாப்பிடி புதிதில்லை. சின்ன வயதில், மலத்தியன் என்ற நுளம்பு மருந்து அடிக்க வருகிற நாளில் சட்டி பானையெல்லாம் முற்றத்துக்கு வரும். ஒரு கிழமைக்கு மணம் போகாது, கரப்பான் மல்லாந்து கிடக்கும். குளோரோகுவின் என்ற மலேரியாக் குளிசையை அம்மா வாழைப்பழத்துக்குள் ஒளிப்பா, நாங்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்புவோம்.

2012-க்குப் பிறகு உள்ளூரில் மலேரியா தொற்றியவர்கள் இல்லையென்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது, பிறகேன் இந்தப் பாடு என்று அவரைக் கேட்டேன். "1963-இல நாடு முழுக்கப் பதினேழு பேர்தான். முடிஞ்சுதெண்டு விட்டம். அஞ்சாறு வருசத்தில லட்சக்கணக்கில திரும்பி வந்தது. நுளம்பு இன்னும் இஞ்சதான் இருக்கு தம்பி, நீர் கிருமியைக் கொண்டு வந்தாக் காணும்."

தடுப்புக் குளிசை போட்டதா என்றார். லண்டனில் பயணத்துக்கான மலேரியாக் குளிசை என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் கணக்கில் வராது. சொந்தக் காசு, அதுவும் சின்னக் காசில்லை. திரும்பிய பின் ஏழு நாள் போடவேண்டியதை அடுத்த பயணத்துக்கு மிச்சம் பிடித்திருந்தேன். சொன்னதும் அவர் பார்த்த பார்வை! இங்கிருந்து ஆபிரிக்கா போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மருந்து இலவசமாம். வருத்தம் வந்தால் சோதனையும் வைத்தியமும்கூட.

மூன்றாம் நாளும் இல்லை. வைரஸ் காய்ச்சலாம். அம்மா கட்டிக் கொடுத்த பலகாரப் பார்சலை வேண்டாமென்று, பயத்தம் பணியாரம் இரண்டை மட்டும் எடுத்தார். வாசலில் நின்று, "கம்பாலாவுக்குத் தனியவோ போனனீர்?" என்றார். இல்லை, கூடப் போன சிநேகிதன் இப்போது கொழும்பில் நிற்கிறான் என்றேன். பேனையை எடுத்தார்.