வெப்பமா, சூடா?

அகராதியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான். புழக்கத்தில் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

வெப்பம் பள்ளிக்கூடத்துச் சொல். வெப்பநிலை, வெப்பச்சலனம், வெப்ப அலை என்று பாடப்புத்தகத்திலும் வானிலை அறிக்கையிலும் துல்லியமாக நிற்கும். அளவு சொல்லும் இடத்தில் இதுதான் சரி.

சூடு அப்படி இல்லை. 'சுடு' என்ற வினையில் பிறந்து எங்கெங்கோ போய்விட்டது. தோசையும் சுடுகிறோம், துப்பாக்கியாலும் சுடுகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் உறைக்காதவனைச் சூடு சொரணை இல்லாதவன் என்கிறோம். தேர்தல் நெருங்கினால் களம் சூடு பிடிக்கிறது, வெப்பம் பிடிப்பதில்லை.

இதில் எனக்கு நெருக்கமானது உடம்புச் சூடு. சித்திரை வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் கண் எரியும், நீர்க்கடுப்பு வரும், நெற்றியில் கொப்புளம் கிளம்பும். தெர்மாமீட்டர் வைத்தால் 98.6தான் காட்டும். பாட்டிக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. "சூடு ஏறிப்போச்சுடா உனக்கு" என்று தொப்புளில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைத்து, சின்ன வெங்காயத்தோடு நீராகாரத்தையும் கையில் கொடுப்பார். இதைப் போய் 'உடல் வெப்பம்' என்று சிலர் எழுதுகிறார்கள். படிப்பவர் காய்ச்சல் என்றல்லவா நினைப்பார்? சூடு என்றே எழுதுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், வெந்நீரும் சுடுதண்ணீரும் ஒன்றுதான். அங்கே உங்கள் ஊர் வழக்குப்படியே எழுதலாம்.