தாத்தா பெயரைத் தேடி அட்டன் பக்கம்: ஒரு இரட்டைப் பிரஜாவுரிமை அலைச்சல்

இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மலையகக் குடும்பங்களுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு, உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். டொராண்டோவில் என் யாழ்ப்பாண நண்பர்கள் ஊரில் இருக்கிற யாரையாவது பிடித்து, வேண்டிய கடுதாசிகளை எடுப்பித்துவிடுகிறார்கள். நமக்கு அது அவ்வளவு லேசில் முடியாது. "அப்பா எந்த வகையில் பிரஜை ஆனார்? பரம்பரையா, பதிவா?" என்ற கேள்வி வந்து நிற்கும். நான் வவுனியாவில் பிறந்தவன். அப்பா பிறந்தது 1952இல், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 1960க்குப் பிந்திய பதிவென்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம் என்பது. என்னுடையதை வவுனியாவுக்குப் போகாமலே எடுத்தேன், அன்றைக்கே கையில் கிடைத்தது. அதற்கு முந்தியது என்றால் பதிவு நடந்த பிரிவுக்கே போக வேண்டும். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடிப் பார்க்கத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

முதலில் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டால், "முடிஞ்சி போச்சு, அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர். விசாரித்ததில் அப்பாவின் பதிவு அங்கே இல்லவே இல்லை, பக்கத்துப் பிரிவில் என்று தெரிந்தது. ஒரு போன் பேசிச் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

இரண்டாவது இடம் நேர்மாறு. பதிவறையில் இருந்த பிள்ளை தோட்டத்துப் பிள்ளைதான். "இருங்க அண்ணே, நான் பாக்குறேன்" என்று உள்ளே போய், முதுகில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். ஓரம் நொறுங்கியிருந்த பக்கங்களை அடிமட்டத்தை நுழைத்து மெதுவாகப் புரட்டினார். சரிந்த ஆங்கிலக் கையெழுத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் 'கறுப்பன்' என்று இருந்தது. எங்களுக்குத் தெரிந்த தாத்தா முத்துக்கறுப்பன். தொழில்: கூலி. இனம்: இந்தியத் தமிழர்.

கூட வந்த மகளுக்கு அந்தக் கடைசிச் சொற்கள் புரியவில்லை. தாத்தாவும், அதாவது என் அப்பாவும், இலங்கையில் பிறந்தவர்தானே என்றாள். அது சரிதான். ஆனால் 1911 சனத்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே நம்மை வேறாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், இங்கே பிறந்ததை மட்டும் காட்டினால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருக்கு மேலே உள்ளவரும் பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிறந்தவர்களிடம் மூன்று தலைமுறைப் பிறப்புச் சான்றிதழை எதிர்பார்த்த சட்டம். எழுபது வருசத்துக்கு மேலான பிறகும் அதே கடுதாசியைத் தேடித்தான் நானும் விடுப்பெடுத்து வந்திருக்கிறேன்.

என் தாத்தாவின் பதிவு கிடைக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் பழைய செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவு, இருக்குமா என்று கேட்டுப் போனேன். பெரிய கிளாக்கர் மரியாதையாக உட்காரவைத்து, பிளேன்டீ தந்து, இல்லை என்று சொன்னார். கம்பெனிகளிடமிருந்து 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் திரும்பவும் கம்பெனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகங்கள் எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. மற்றத் தோட்டங்களில் நிலைமை வேறாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆபீசுக்குப் போகுமுன் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை யாராவது இருக்கிறாரா என்று லயத்தில் விசாரியுங்கள். எனக்குக் கடைசியில் உதவியது அத்தைதான்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, பிரஜாவுரிமை இல்லாத நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். சின்னத் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தாத்தா இங்கேயே இருக்க மனுப் போட்டார். ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா. அவர்கள் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சனம் சொல்லும். அத்தை ஸ்டேசனுக்குப் போகவில்லை. "எனக்குப் பேரு இருந்திச்சு, அன்னைக்குப் பெரட்டுக்குப் போகாட்டி பேரு வெட்டிருவான்" என்றார். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கூடுவது, பேரு என்பது ஒரு நாள் வேலை. சின்னத் தாத்தா குடும்பம் கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்கள்.

அத்தை வாயிலிருந்து வந்த இன்னொரு விஷயம் என் சொந்தச் சான்றிதழைப் பற்றியது. 1977 கலவரத்தோடு அப்பா வவுனியாவுக்குப் போனார். நான் 1980இல் பிறந்தபோது என் சான்றிதழில் தகப்பன் இனம் 'இலங்கைத் தமிழர்' என்று ஏறியிருக்கிறது. பதிவாளர் தவறு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். "இல்லடா, ஒங்கப்பன்தான் அப்படிச் சொல்லி எழுத வச்சான். அங்க தோட்டக்காட்டான்னு ஏசுனாங்களாம். பள்ளிக்கூடத்துல ஒனக்கும் அந்தப் பேரு வரக்கூடாதுன்னான்" என்றார் அத்தை. ஏசியவர்களும் தமிழர்தான். சிங்களக் காடையருக்குப் பயந்து போன இடத்தில் நடந்தது. டொராண்டோ ஊர்ச்சங்கக் கூட்டங்களில் அப்பா வவுனியா என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதற்குக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அப்பா செய்ததன் விலையை நான் கவுன்டரில் கட்டினேன். அப்பாவின் சான்றிதழில் ஒரு இனம், என்னுடையதில் அவருக்கே வேறு இனம். இரண்டு சான்றிதழிலும் இருக்கும் அப்பா ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) கொண்டுவரச் சொன்னார்கள். கறுப்பனும் முத்துக்கறுப்பனும் ஒருவரே என்று இன்னொன்று. டவுனில் ஒரு சமாதான நீதவான், ஓய்வுபெற்ற அதிபர், எழுதித் தந்தார். நீட்டிய காசை வாங்கவில்லை. "இனம் என்னான்னு போட?" என்று கேட்டார். மலையகத் தமிழர் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கும் அதுதான் ஆசை தம்பி. ஆனா சான்றிதழ்ல உள்ளதோட ஒத்துப் போகாட்டி இன்னொரு சத்தியக்கடதாசி கேப்பானுங்க." பழையபடி இந்தியத் தமிழர் என்றே எழுதினோம். கனடாக் கணக்கெடுப்பில் தெற்காசியர் என்ற பெட்டிக்குள் இருக்கும் என் மகள் இதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரம் இருந்தால் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஒரு லயத்தையே அப்படி மாற்றியிருக்கிறார்கள். பாதை மோசம், திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, பிரதிகளை லேமினேட் செய்யாதீர்கள். பொதுமக்கள் தினம் எது என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். பெயர்களைச் சிங்களத்திலும் எழுதிக் கொண்டுபோங்கள், பாதிக் குழப்பம் குறையும்.

தாத்தாவின் ஊர் துறையூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அத்தைக்குத் தெரியவில்லை. தாயகம் திரும்பியபோது சின்னத் தாத்தாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் ஊர்ப் பெயர் இருக்கிறதாம், கூடலூர்ச் சித்தப்பா பெட்டியில் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "அதெல்லாம் முடியாது, நேர்ல வா, காட்டுறேன்" என்கிறார். அடுத்த விசா அங்கேதான்.