மைனஸ் 11-க்கு ஒரு கண்ணாடி: செவ்வாய்ப்பேட்டைக் கடையும் 46 அளவு பிரேமும்

வலக்கண் மைனஸ் 11, இடக்கண் மைனஸ் 10.5 என்று சீட்டு வைத்திருப்பவன், பிடித்த பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடையிலிருந்து வந்துவிட முடியாது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே ‘சோடாபுட்டி’ என்ற பட்டப்பெயருடன் வளர்ந்த நான், அந்தப் பெயரைத் தொலைத்தால் போதும் என்ற ஒரே எண்ணத்தில்தான் இத்தனை ஆண்டுகளும் லென்ஸ் வாங்கிவந்தேன். கடைக்காரர் ‘மெலிசு’ என்ற சொல்லை உச்சரித்ததும் பணத்தை எடுத்து நீட்டிவிடுவேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய கடையில் சென்ற மாதம் செய்துகொண்ட கண்ணாடியைப் பற்றி எழுதும் முன், அதற்கு முந்தைய கண்ணாடி படுத்திய பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

அது பெரிய காட்சிக்கூடம் ஒன்றில் வாங்கியது. 1.74 இன்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்; இது கூடினால் அதே பவருக்கு லென்ஸ் மெலியும்) லென்ஸ், முகத்தை நிறைக்கும் அகலமான பிரேம், 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. நேராகப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஏற்காட்டுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. சாலையோரத் தடுப்புக் கற்களின் வெள்ளைப் பூச்சுக்கு ஒரு புறம் நீலக் கரையும் மறுபுறம் ஆரஞ்சுக் கரையும் முளைத்தன. பேருந்தின் சன்னல் கம்பி நடுவில் வெளிப்புறமாக உப்பி, மேலும் கீழும் உள்வாங்கி நின்றது. ஏற்காட்டில் இறங்கும்போது படி இருப்பதாகத் தெரிந்த உயரத்தில் காலை வைத்தேன். படி அதற்குக் கீழே இருந்தது. தலை கிறுகிறுத்தது. மலைப்பாதைதான் காரணம் என்று எண்ணி மனைவி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். மறுநாள் சமதளமான நாலு ரோட்டில் சாலையைக் கடக்கும்போதும் அதே கிறுகிறுப்பு வந்தபோது, எலுமிச்சம்பழத்தால் தீரும் காரியமல்ல இது என்று புரிந்தது.

செவ்வாய்ப்பேட்டைக் கடைப் பெரியவர் அந்தக் கண்ணாடியை வாங்கியதும் லென்ஸைப் பார்க்கவில்லை. காதுக் கம்பியின் உட்புறத்தில் அச்சிட்டிருந்த 54, 18 என்ற எண்களைப் படித்தார்; முன்னது ஒரு லென்ஸின் அகலம், பின்னது இரு லென்ஸுக்கும் நடுவே உள்ள மூக்குப் பாலத்தின் அகலம், இரண்டும் மி.மீ. கணக்கில். பிறகு என் கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார், 62 மி.மீ. வந்தது. “மெலிசா வேணுங்களா, ஓரத்துல ஒழுங்காத் தெரியணுங்களா? எது முக்கியம்னு சொல்லுங்க சார்” என்று கேட்டார். இரண்டும் ஒன்றில்லையா என்று நான் விழித்தேன்.

அவர் துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். 54-உம் 18-உம் சேர்ந்தால் 72. என் கண் தூரம் 62. எனவே ஒவ்வொரு லென்ஸின் மையமும் மூக்கை நோக்கி 5 மி.மீ. நகர்த்தி வெட்டப்பட்டாக வேண்டும். 54-இல் பாதி 27, அதோடு இந்த 5 சேர, காதுப்பக்க விளிம்பு மையத்திலிருந்து 32 மி.மீ. தள்ளிப் போய்விடுகிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிப்பது என்பதால், அந்தத் தூரத்தில் 1.74 லென்ஸே ஏறக்குறைய 9 மி.மீ. தடிமன் ஆகிவிடும். 46 அளவு பிரேமும் 20 மூக்குப் பாலமும் எடுத்தால் விளிம்பு 25 மி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடுவதால், விலை குறைந்த 1.60 லென்ஸ்கூட 7 மி.மீ. அளவில் நின்றுவிடும். அதாவது 18 ஆயிரம் கொடுத்து வாங்கிய ‘மெலிசு’, பிரேமின் அகலத்தில் கரைந்து போயிருந்தது. மண்டியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கூட்டல் கழித்தல் இத்தனை ஆண்டுகளாகத் தோன்றாததுதான் வெட்கம்.

நிறக் கரைக்கான காரணம் வேறு. லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்க்கும்போது அது பட்டகம்போல் ஒளியை வளைக்கிறது. கண்ணை 30 பாகை பக்கவாட்டில் திருப்பினால் மையத்திலிருந்து சுமார் 15 மி.மீ. தள்ளிய இடத்தின் வழியே பார்க்கிறோம். என் பவரில் அந்த இடம், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளைக் கிட்டத்தட்ட 16 செ.மீ. உள்ளே தள்ளிக் காட்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது படி மேலேறித் தெரிந்ததும் இதனால்தான். வளைக்கும்போது நிறங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கும் திறனை அபே எண் என்பார்கள். எண் கூடினால் பிரிவு குறையும். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸுக்கு அது 58, நான் எடுத்த 1.60 வகைக்கு 41 அளவில், 1.74-க்கு 33 அளவில். மெலிய வைக்கும் சரக்கே நிறத்தையும் சிதறவிடுகிறது என்பதை எந்த விளம்பரப் பலகையும் சொல்லிப் பார்த்ததில்லை.

பிரேமை மாட்டியபின் பெரியவர் எதிரே குனிந்து, போலி லென்ஸின்மேல் இரு கருவிழிகளுக்கும் நேராக மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். மூக்குத்தாங்கியை வளைத்துக் கண்ணாடியைக் கண்ணுக்கு நெருக்கியவர், என் பவரில் 2 மி.மீ. நெருங்கினாலே கால் பவர் கூடியதுபோல் ஆகிவிடும் என்பதால், மறுபடியும் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துச் சரிபார்த்தார். இதுவரை எனக்குக் கண்ணாடி செய்த எவரும் இதைச் செய்ததில்லை.

ஆனால் ஆர்டர் எடுக்கும் முன் ஒரு நிபந்தனை வைத்தார். பேரேட்டின் கோடு போட்ட பக்கத்தைக் கண்ணாடி இல்லாமல், ஒற்றைக் கண்ணை மூடி, 9 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை எனக்கு அவ்வளவுதான். அப்போதும் கோடு நெளிந்தால் அது லென்ஸின் வேலையல்ல, விழித்திரையின் வேலை என்றார். எனக்கு நெளியவில்லை. இருந்தும், கடுமையான கிட்டப்பார்வையில் விழி நீண்டு விழித்திரை மெலிந்திருக்கும், மின்னல் வெட்டுப்போல் ஒளியோ திடீரென்று பெருகும் கரும்புள்ளிகளோ ஓரத்தில் திரை இறங்குவதுபோன்ற நிழலோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று சொல்லி, சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்த சீட்டைக் கொண்டுவந்த பிறகே முன்பணம் வாங்கினார்.

புதிய கண்ணாடியில் ஓர வளைவு போய்விட்டதா என்றால், போகவில்லை; குறைந்திருக்கிறது. நிறக் கரை, வெள்ளை எழுத்துப் பெயர்ப்பலகையைக் கடைக்கண்ணால் பார்க்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறது. பிரேமின் விளிம்பை ஒட்டிய பொருள்கள் லென்ஸுக்குள் ஒன்றும் வெளியே மங்கலாக ஒன்றுமாக இரட்டையாகத் தெரிவது எந்த மைனஸ் கண்ணாடிக்கும் உள்ளதே. சிறிய பிரேமில் அந்த விளிம்பு பார்வைக்கு இன்னும் அருகில் வருவதால் முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. விழியோடு சேர்ந்து நகரும் காண்டாக்ட் லென்ஸில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லைதான். மிளகாய் மூட்டை பிரிக்கும் மண்டியில் அதைப் போட்டுக்கொண்டு உட்காரக் காந்தாரியின் பொறுமை வேண்டும்.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். நான்கு நாளில் தருவதாகச் சொன்னவர் ஒன்பதாம் நாள் தந்தார். 46 அளவில் காட்டிய பிரேம்கள் மொத்தம் ஏழு; அவற்றுள் நான்கு ஒரே கறுப்பு. மாடிப்படி செங்குத்தாக, வெளிச்சமில்லாமல் இருக்கிறது. பார்வை குறைந்தவர்கள் ஏறும் கடைக்கு இப்படி ஒரு படியை யார் கட்டினார்களோ தெரியவில்லை. லென்ஸ், பிரேம், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய் ஆனது.

பழைய அகலக் கண்ணாடியை வீசிவிடவில்லை. தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது. காலையில் புதியதை எங்கே கழற்றி வைத்தேன் என்று தேடுவதற்கு அது வேண்டியிருக்கிறது.