செம்பருத்திக்குப் பனித்துணி: சில குளிர்காலங்கள் பயன்படுத்திய பிறகு

செடியைப் போர்த்தும் வெள்ளைப் பனித்துணியைச் சில குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த நெய்யாத துணி அது. வாங்கியது வீண்போகவில்லை. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

துணி சூட்டை உண்டாக்காது. பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் இரவில் மேலே போய்விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதனால் தண்டோடு சேர்த்துக் கட்டினால் பயனில்லை. கூடாரம் போலத் தரைவரை இறக்கி, ஓரங்களில் கல் வைக்க வேண்டும். இரவு உறைபனி வரும் என்று தெரிந்தால், அன்று பகலிலேயே மண்ணை நனைத்துவிடுவேன். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைத் தாங்கி வைக்கும். இப்படிச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி கூடக் கிடைக்கும். லேசான உறைபனிக்கு அது போதும். பாலித்தீன் தாள் மலிவுதான், ஆனால் அது தொட்ட இலையெல்லாம் கருகிப்போகும். வெயில் வந்ததும் எடுக்க மறந்தால் உள்ளே வெந்தே போகும்.

வெப்பநிலை நாள்கணக்கில் உறைநிலைக்குக் கீழேயே நின்றால் எந்தத் துணியும் காப்பாற்றாது. தொட்டிச் செடிக்கு ஆபத்து இன்னும் அதிகம், வேரைச் சுற்றிலும் குளிர். இரவு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே தொட்டிகளை உள்ளே, வெளிச்சமான ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன். கொஞ்சம் இலை மஞ்சளாகிக் கொட்டும். பதறித் தண்ணீரை ஊற்றாதீர்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், உரம் வேண்டவே வேண்டாம். உண்மையான தொல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு சிலந்திப்பேன்தான். அறையின் வறண்ட காற்றில் கிடுகிடுவெனப் பெருகும். இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், சலிப்பான வேலை.

இதெல்லாம் நாம் வழக்கமாக வளர்க்கும் வெப்பமண்டலச் செம்பருத்திக்கு. 'ரோஸ் ஆஃப் ஷாரன்' என்று விற்கும் சிரியாக்கஸ் வகை, இலையை உதிர்த்துவிட்டுக் கடுங்குளிரையும் தாங்கும். அதற்குத் துணி வாங்குவது வீண்செலவு.

அப்புறம், குளிர் விட்டதும் கத்தரியைத் தூக்காதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. புதுத் துளிர் எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டுத்தான் நான் கவாத்து செய்கிறேன்.

துணி இரண்டாம் ஆண்டிலேயே ஓரங்களில் கிழியத் தொடங்கியது. அடுத்த முறை இன்னும் கனமானதாக வாங்குவேன், கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும் சரி.