பினாங்கு ஐயாவின் கோல்ஃப் ஸ்டிக்

காரைக்குடிப் பக்கம் பழைய கோல்ஃப் ஸ்டிக் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நம்ம ஊரில் அப்படி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஏமாற்றியவருக்கு நான் ஒருத்தன் போதுமாக இருந்ததே.

ஜொகூரில் இருபது வருடம் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. இப்போது தேவகோட்டைவாசி. வருடத்துக்கு மூன்று நான்கு முறை கொடைக்கானல் போய் ஆடுவேன். மற்ற நாளெல்லாம் வற்றிக் கிடக்கும் கண்மாய்தான் மைதானம். அறுபதைத் தாண்டியதும், மெல்லிய உலோகத் தலை வைத்த நான்காம் நம்பர் அயர்ன் என்ற ஸ்டிக் என்னைக் கைவிட்டுவிட்டது. பந்து எழும்ப மாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் உருண்டைத் தலை வைத்த ஃபேர்வே வுட்டா, வுட்டும் அயர்னும் கலந்த மாதிரியான ஹைப்ரிட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஆத்தங்குடித் தரைமேல் கிடத்திய இரண்டு ஸ்டிக். ஒன்று மூன்றாம் நம்பர் வுட், இன்னொன்று ஹைப்ரிட்.

படம் அனுப்பிய வியாபாரிக்குப் போன் போட்டேன். "அண்ணே, செட்டியார் வீட்டுச் சாமான்ண்ணே. பினாங்கில் லேவாதேவி பண்ணின ஐயா சிதம்பரம் கப்பலில் கொண்டாந்தது. பேரப்பிள்ளைங்க எல்லாம் அமெரிக்காவில். வீட்டைக் காலி பண்ணுறாங்க."

போய்ப் பார்த்தால், ஒரு கிட்டங்கி நிறைய தேக்குத் தூண், ஊறுகாய் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டி. அதற்கு நடுவில் இந்த இரண்டும். அந்த வாசனையிலேயே பாதி மயங்கிவிட்டேன்.

ஹைப்ரிட் மட்டும் போதும் என்றேன். "அது பொம்பளைங்க ஆடுறதுண்ணே. தூரம் வேணும்னா வுட்தான்" என்று இரண்டையும் சேர்த்துத் தலையில் கட்டினார். பதினெட்டாயிரம் ரூபாய். புதிதாக ஒன்று வாங்கும் காசுக்கு இரண்டு கிடைக்கிறதே என்று எனக்கும் ஆசைதான். பில் கேட்கவில்லை, அது என் தப்பு.

ஸ்டிக் போலி என்பது அப்புறம் தெரிந்த கதை. அவர் சொன்ன யோசனை அதைவிடப் போலி. மூன்றாம் நம்பர் வுட்டின் சரிவு, அதாவது அடிக்கும் முகத்தின் சாய்வு, சுமார் 15 டிகிரி, நீளம் 43 அங்குலம். டீ என்ற சின்ன முளைமேல் வைக்காமல், தரையில் கிடக்கும் பந்தை என்னைப் போல மெதுவாக வீசுகிறவர் அதில் அடித்தால் பந்து மேலே ஏறாது. தூரம் பேச்சில் மட்டும்தான். வுட் வேண்டுமென்றால் 18 டிகிரி ஐந்தாம் நம்பரோ 21 டிகிரி ஏழாம் நம்பரோ பார்க்க வேண்டும். பெரிய தலை, அகலமான அடி. பெருக்குவது மாதிரி வழித்துக்கொண்டு போக வேண்டிய ஸ்டிக் அது. மெத்தென்ற புல்லில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை உயரத் தூக்கும், பந்தும் மெதுவாக இறங்கும். கொடைக்கானலில் மட்டும் ஆடுவதாக இருந்தால் நானே ஏழாம் நம்பர் வுட்தான் வாங்குவேன்.

ஆனால் நம் செம்மண் கட்டாந்தரையில் அந்த அகல அடி மண்ணில் பட்டு எகிறுகிறது. விளிம்பு பந்தின் வயிற்றில் அடித்து, பந்து தரையோடு ஓடுகிறது. ஹைப்ரிட்டுக்குத் தலை சின்னது, நீளமும் 40 அங்குலம் சுமார்தான். அயர்ன் மாதிரி மேலிருந்து இறக்கி அடிக்கலாம். முரட்டுப் புல்லிலும் மொட்டைத் தரையிலும் கை கொடுக்கும். வேகமாக வீசுகிறவர்களுக்கு இடப்பக்கம் திரும்பிவிடும் என்ற குறை உண்டு. பெண்கள் ஆடுவது என்ற பேச்சுக்கு மட்டும் சிரிப்புதான் வந்தது. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கடைசிக் குழியில் ஹைப்ரிட்டால் கொடிக்குப் பக்கத்தில் பந்தைப் போட்டு டைகர் உட்ஸை மடக்கிய கொரியக்காரர் யாங்கிடம் போய் அதைச் சொல்லட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் கண்மாயில் வுட்டை வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டிக்கின் தலை மட்டும் பறந்தது! மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. ஆடு மேய்த்த தம்பி கொஞ்ச நேரம் சிரித்தார். எனக்குக் கை நடுங்கியது. ஒரு ஆள் நின்றிருந்தால்?

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தண்டு சேரும் இடத்தில் சரிவை மாற்றும் திருகு இருந்தது, ஆனால் அசையவில்லை. வெறும் அலங்காரம். 'ரெகுலர்', அதாவது ஓரளவு வளையும் என்று ஒட்டியிருந்த தண்டு கடப்பாரை மாதிரி விறைப்பு. பொறித்திருந்த வரிசை எண் வுட்டிலும் ஹைப்ரிட்டிலும் ஒன்றே. இதையெல்லாம்கூட விடுங்கள். சிதம்பரம் கப்பல் 1985 தீ விபத்தோடு நின்றுபோனது. ஸ்டிக்கில் இப்படித் திருகி மாற்றும் அமைப்பை விதி அனுமதித்ததே 2008இல். ஹைப்ரிட் பரவலாகக் கடைக்கு வந்ததும் 2000க்குப் பிறகுதான். இத்தனையும் தெரிந்த நான், ஐயா கதையைக் கேட்டுக்கொண்டு ஸ்டிக்கைச் சரியாகப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்திருக்கிறேன்.

போன் செய்தேன். "பழைய சாமானுக்கு கேரண்டி ஏதுண்ணே?" என்றார். மறுநாள் என் நம்பரையே தடுத்துவிட்டார்.

இனி யாராவது போனால், திருகைத் திருகிப் பாருங்கள், தலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், இரண்டு ஸ்டிக் என்றால் எண்ணை ஒப்பிடுங்கள், நாலு பந்தாவது அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நேற்று நண்பர் ஒருவர் புதுப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதே ஆத்தங்குடித் தரை, அதே மாதிரி இரண்டு ஸ்டிக். இந்தத் தடவை ஐயா ரங்கூனிலிருந்து வந்திருக்கிறார்.