நாய்க்குட்டிக்கு எந்த ஆட்டம்: கயிறிழுப்பா, ஓடிப்பிடியா?

குட்டி வீட்டுக்கு வந்ததும் வரும் குழப்பம்தான்.

செலவு: கயிறிழுப்புக்குப் பழைய துண்டு போதும். ஓடிப்பிடிக்கு அதுவும் வேண்டாம், இடம் இருந்தால் சரி.

பல்: 4 மாதவாக்கில் பால்பல் விழும்போது வெடுக்கென்று இழுத்தால் வலிக்கும். ஓடிப்பிடியில் அந்தத் தொல்லை இல்லை.

நட்பு: விஷயமே இங்கேதான். ஓடிப்பிடியில் ஒரு குட்டி இன்னொரு குட்டிக்கு எதிரே முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் 'வா, விளையாட்டுக்குத்தான்' என்று பொருள். துரத்திய குட்டியே சற்று நேரத்தில் துரத்தப்பட ஓடும். அழுத்திக் கடித்தால் கூட்டாளி வீலென்று கத்தி விலகிவிடும்; ஆட்டம் போச்சு. கடியின் அளவு அப்படித்தான் பிடிபடுகிறது. கயிறிழுப்பில் இவ்வளவு கிடையாது.

கூட இன்னொரு குட்டி இருந்தால் ஓடிப்பிடி. நீங்களும் அதுவும் மட்டும் என்றால் கயிறிழுப்பு. 'விடு' என்ற சொல்லையும் பழக்கிவிடலாம். உங்களைத் துரத்தவிட்டால் கணுக்காலுக்கு நான் பொறுப்பல்ல.