நாலு ஒட்டு மிளகாய்: பச்சைக்கு எது, வத்தலுக்கு எது?

ஒட்டு ரக (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய) மிளகாய் விதை வாங்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது ஏக்கருக்கு எத்தனை டன் என்று. அதைவிட முக்கியமான கேள்வி, காய் பச்சையாகச் சந்தைக்குப் போகிறதா, பழுக்கவிட்டு வத்தலாகப் போகிறதா என்பது. இது முடிவானால் பாதி ரகம் தானாகக் கழிந்துவிடும்.

பச்சைக்கு அர்கா ஸ்வேதா. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒட்டு. காய் 13 செ.மீ. வரை நீளும், தோல் வழவழப்பாக, வெளிர் பச்சையாக இருக்கும். ஹெக்டேருக்கு 28 முதல் 30 டன், நச்சுயிரி நோயையும் தாங்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2010-ல் விட்ட கோ 1 ஒட்டும் ஏறக்குறைய அதே 28 டன்தான். ஆனால் பழ அழுகலை ஓரளவு தாங்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் பிடிக்கிற தோட்டத்துக்கு இதுதான் சரி. நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈ ஓயாத இடத்துக்கு ஸ்வேதா.

வத்தலுக்கு அர்கா மேகனாவும் அர்கா ஹரிதாவும். இரண்டிலும் ஹெக்டேருக்கு 5 டன் அளவில் வத்தல் சொல்லப்படுகிறது, அதாவது ஏக்கருக்கு 2 டன். ஹரிதா ஒல்லியான காய், காரம் தூக்கல், சாம்பல் நோயையும் தாங்கும். குறை எங்கே என்றால் பறிப்பில். காய் 6 முதல் 8 செ.மீ.தான். ஒரு கிலோ சேர எத்தனை தடவை கை போக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பறிப்புக் கூலி ஏறிக் கிடக்கும் ஊரில் 10 செ.மீ. காய்க்கிற மேகனாவே மேல். வீட்டு ஆட்களே பறிப்பதானால் ஹரிதாவைத் தாராளமாகப் போடலாம்.

‘தாங்கும்’ என்ற சொல்லை நம்பி மருந்தடிப்பை விட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. நச்சுயிரியைத் தாங்கும் ரகத்திலும் சாறு உறிஞ்சிகளால் இலை சுருளும். இலை ஓரம் படகு மாதிரி மேலே மடிந்தால் இலைப்பேன். குடை கவிழ்த்த மாதிரி கீழே மடிந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி, கண்ணுக்கு எளிதில் படாத பொடிச் சிலந்தி அது. முன்னதற்கு அடிக்கிற பூச்சிக்கொல்லிகளில் பல பின்னதைத் தொடாது, சிலந்திக்கொல்லி தனியாக வேண்டும். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை அழித்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேயே இருக்கும். நாலைந்து பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டினால் கரும்புள்ளியாக ஓடும்.

நாலுக்கும் 75க்கு 60 செ.மீ. இடைவெளி போதும், ஏக்கருக்கு ஏறத்தாழ 9,000 செடி. விதை 80 முதல் 100 கிராம். 98 குழி உள்ள நாற்றுத் தட்டு 100 வைத்தால், செத்த செடிக்குப் பதில் நடும் போக்கு நடவுக்கும் மிஞ்சும். 35 நாள் நாற்றை நடலாம். நெருக்கி நட்டால் காற்றோட்டம் இல்லாமல் அழுகல்தான் முந்தும். அழுகல் விழுந்த பழம் காய்ந்தால் வெளுத்துச் சண்டு வத்தலாகும், மண்டியில் தனியாகப் பிரித்துக் குறைந்த விலைக்குத்தான் எடுப்பார்கள்.

உரம் ஏக்கருக்குத் தழைச்சத்து 48, மணிச்சத்து 32, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 32 கிலோ. மணிச்சத்துக்கான சூப்பர் பாஸ்பேட் 200 கிலோவும் சாம்பல் சத்தும் அடியிலேயே போய்விட வேண்டும். தழைச்சத்துக்கான யூரியாவை மட்டும் நாலாகப் பிரித்து, அடியுரமாகவும் 30, 60, 90-ம் நாளிலும் தடவைக்கு 26 கிலோ. மொத்தமாகக் கொட்டினால் இலை கருகருவென்று வரும், பூ நிற்காது, இலைப்பேனுக்கும் விருந்து. வத்தலுக்குப் பொட்டாஷை சல்பேட்டாகக் கொடுத்தால் தரம் கூடும், 64 கிலோ ஆகும், விலைதான் கூடுதல்.

இந்த ஒட்டுகளில் பழுக்கும் பழத்திலிருந்து விதை எடுத்து வைக்க வேண்டாம். அடுத்த போகத்தில் காய் நீளமும் காரமும் செடிக்குச் செடி மாறும்.

ராமநாதபுரம் பக்கம் மானாவாரிக்கு இந்த நாலுமே வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு என்ற குண்டு மிளகாய் அங்கே இருக்கிறது. குண்டு வத்தல் கேட்டு வரும் வியாபாரியிடம் நீட்டுக்காயைக் காட்டி என்ன செய்ய?